கொல்லிமலைக்கு வந்த பவுன்

புறநானூற்றின் 152ஆம் பாட்டில் ஒரு வேட்டைக்காரன் வருகிறான். அவன் விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்க்கிறது, புலியைக் கொல்கிறது, மானை உருட்டுகிறது, காட்டுப்பன்றியை வீழ்த்துகிறது, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த பாணர் கூட்டம், இவன் சாதாரண ஆள் இல்லை என்று ஊகித்து, கொல்லிமலைத் தலைவன் ஓரியின் பெயரைச் சொல்லிப் பாடுகிறது. தன் பெயரைத் தன் முன்னாலேயே பாடக் கேட்டவன் கூச்சத்தில் நெளிகிறான். பிறகு மான்கறி கொடுக்கிறான், உருக்கிய நெய் போன்ற கள் கொடுக்கிறான், தன் மலையில் பிறந்த மாசில்லாத பொன்னை மணிகளோடு சேர்த்துக் கொடுத்து வழியனுப்புகிறான். பாடியவர் வன்பரணர். மலை, கொல்லி.

அம்பு விஷயத்தில் புலவர் கொஞ்சம் கூட்டியிருப்பார். பொன் விஷயத்தில் அப்படித் தள்ளிவிட முடியாது. ஓடை மணலை மரத்தட்டில் அரித்துப் பொன்துகள் எடுப்பது தென்னிந்திய மலைகளில் பழைய தொழில். நீலகிரியில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் பணியரும் குறும்பரும் இதைச் செய்துவந்ததை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓரி கொடுத்த பொன்னையும் யாரோ மணலில் குனிந்து நின்றுதான் எடுத்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பாட்டு இல்லை. பாட்டு எப்போதும் கொடுத்தவனுக்குத்தான்.

இன்று கொல்லிமலையில் பொன் எடுப்பவர் யாரும் இல்லை. மலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றான எடப்புளி நாட்டில் ஒரு பெண் கழுத்தில் கிடக்கும் தாலி கீழே நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ சேந்தமங்கலத்திலோ வாங்கியதாகத்தான் இருக்கும். மிளகு, காப்பி, வாழை, பலா, அன்னாசி, மரவள்ளிக் கிழங்கு எல்லாம் மலையிலிருந்து இறங்குகின்றன. தங்கம் மட்டும் ஏறுகிறது. ஈராயிரம் ஆண்டுகளில் திசை தலைகீழாக மாறிவிட்டது. அந்தத் தங்கம் எங்கெல்லாம் சுற்றிவிட்டு இங்கே வந்து சேர்ந்தது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இந்த மலையைத் தோண்டிய கதையும் ஒன்று உண்டு. ஆனால் எடுத்தது பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக லாரி லாரியாக அது மலையிறங்கியது. இதில் ஒரு வேடிக்கை. 1850களில் அலுமினியம் தங்கத்துக்குச் சமமாக மதிக்கப்பட்ட உலோகம். பிரான்சின் மூன்றாம் நெப்போலியன் தன் விருந்தில் முக்கியமானவர்களுக்கு அலுமினியக் கரண்டியும் மற்றவர்களுக்குத் தங்கக் கரண்டியும் வைத்தான் என்று ஒரு கதை இன்னும் உலவுகிறது. 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் வழியைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அத்தோடு அதன் பெருமை முடிந்தது. இன்று அது சோற்றுப் பானை.

தங்கத்துக்கு ஏன் அப்படி நடக்கவில்லை? பூமியின் மேலோட்டில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அலுமினியம். பிரிக்கத் தெரியாததுதான் தடையாக இருந்தது. தங்கம் அப்படியல்ல. சாதாரணப் பாறையை ஆயிரம் டன் பொடித்தாலும் சராசரியாக அரைப் பவுன் தேறினால் அதிகம். இல்லாததை எந்த வித்தையாலும் பிரிக்க முடியாது. புதிதாகச் செய்யவும் முடியாது. ஓர் அணுவுக்குள் 79 புரோட்டான்களைத் திணிக்கும் அடுப்பு பூமியில் இல்லை, சூரியனிலும் இல்லை. 2017 ஆகஸ்டு 17 அன்று, இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதால் எழுந்த ஈர்ப்பலை பூமிக்கு வந்து சேர்ந்தது. அந்த மோதலின் ஒளியை ஆராய்ந்தவர்கள், தங்கம் போன்ற கனமான தனிமங்கள் இத்தகைய விபத்துகளில் உருவாகின்றன என்பதற்கான தடயத்தைக் கண்டார்கள். ஆக, எல்லாத் தாலியும் சூரியனைவிட வயதில் மூத்தது.

கையில் எடுத்தால் முதலில் தெரிவது கனம். தண்ணீரைப்போல 19.3 மடங்கு. இரும்பில் அதே அளவு செய்தால் பாதி எடைகூட வராது. அடித்தால் உடையாமல் விரியும், இழுத்தால் அறாமல் நீளும். ஒரு கிராம் சுத்தத் தங்கத்தை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இழையாக இழுக்கலாம் என்கிறார்கள். ஒரு பவுனை இழுத்தால், மலையடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பகுதிக்கு அதைப் படரவிட்டுவிடலாம். 1,064 டிகிரி செல்சியஸில் உருகும். ஆசாரியின் ஊதுகுழலும் கரி அடுப்பும் எட்டிவிடக்கூடிய சூடுதான். எல்லாவற்றையும்விடப் பெரிய குணம், அது எதனோடும் சேராதது. வியர்வை, மஞ்சள், சீயக்காய், விறகடுப்புப் புகை, மலையின் ஓயாத ஈரம் என எதுவும் அதை ஒன்றும் செய்வதில்லை. வெள்ளி கறுக்கும், செம்பு பச்சை கட்டும், இரும்பு துருப்பிடித்துத் தின்னப்படும். தங்கத்தைக் கரைக்க இராஜ திராவகமோ சயனைடோ வேண்டும்.

இந்தக் குணங்களில் எது அதைப் பணமாக்கியது என்று கேட்டால், பெரும்பாலோர் மினுக்கைச் சொல்வார்கள். நான் உருகுவதைச் சொல்வேன். துண்டாக்கலாம், சேர்க்கலாம், மறுபடி துண்டாக்கலாம், எடை குறையாது. வைரத்தை உடைத்தால் மதிப்பு போய்விடும். ஆனால் உருகும் ஒவ்வொரு தடவையும் தங்கம் தன் ஊர், பேர், முத்திரை எல்லாவற்றையும் இழந்துவிடுகிறது. அதன் வாழ்க்கை வரலாற்றை யாரும் முழுமையாக எழுத முடியாது. எங்கே உருகாமல் தப்பியதோ அங்கே மட்டும்தான் நமக்குச் சில பக்கங்கள் கிடைக்கின்றன.

அப்படித் தப்பிய ஒரு பக்கம் புதுக்கோட்டையில் கிடைத்தது. 1898இல், கருக்காக்குறிச்சிப் பக்கம், 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாக. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பேசியன் வரையிலான பேரரசர்களின் தலைகள் பொறித்தவை. முசிறித் துறைக்கு வந்த யவனர் மரக்கலங்கள் எதை இறக்கி எதை ஏற்றின என்பதை அகநானூறு சொல்கிறது: இறக்கியது பொன், ஏற்றியது மிளகு. ரோமில் உட்கார்ந்திருந்த எழுத்தாளர் பிளினி, இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்துக்குக் குறையாமல் விழுங்குகிறது என்று அங்கலாய்த்தார். அந்தப் புலம்பலுக்கான ரசீதுதான் இந்த 501 காசு.

பிளினி ஒரு நல்ல காரியமும் செய்தார்: விலையை எழுதி வைத்தார். ரோமில் ஒரு ராத்தல் கருமிளகு 4 தினாரியஸ். 25 தினாரியஸ் சேர்ந்தால் ஒரு பொற்காசு. ரோமானிய ராத்தல் ஏறக்குறைய 327 கிராம். கணக்குப் போட்டால் ஒரு பொற்காசுக்கு ரோமில் இரண்டு கிலோ மிளகு. அந்தக் காசின் எடை, பேரரசர் டைபீரியஸ் காலத்தில் சுமார் 7.8 கிராம்; ஏறத்தாழ நம்முடைய ஒரு பவுன். இன்று கொல்லிமலையில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியிலிருந்து மிளகு பறித்து, காயவைத்து விற்கிறவர் ஒரு பவுன் வாங்க எத்தனை கிலோ விற்க வேண்டும்? 2025இல் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. மிளகு கிலோ 700 ரூபாயை ஒட்டி நின்றது. ஏறக்குறைய 130 கிலோ. ரோமில் விற்ற விலையும் மலைமேல் கிடைக்கும் விலையும் ஒன்றல்லதான். கடலும் சுங்கமும் தரகரும் நடுவில் உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும், மிளகு கொடுத்துப் பொன் வாங்கும் அதே பழைய வியாபாரத்தில் மிளகின் பக்கம் எவ்வளவு தாழ்ந்துவிட்டது என்பது தெரியும்.

புதுக்கோட்டைக் காசுகளை அருகில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. கன்னத்திலிருந்து காதுவரை, சிலவற்றில் கண்ணையே அறுத்துக்கொண்டு போகிறது. உள்ளே வேறு உலோகத்தின் மேல் முலாம் பூசியிருக்கிறதா என்று வெட்டிச் சோதித்தார்கள் என்பது ஒரு விளக்கம். இவை இனி நாணயமாகச் செல்லாது, எடைக்கு மட்டுமே என்று அடையாளம் போட்டார்கள் என்பது இன்னொன்று. சோதனைக்கு என்றால் ஓரத்தில் ஒரு கீறல் போதுமே, எதற்கு முகத்தைத் தேடிப் போய் வெட்ட வேண்டும்? எனக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது. உன் அரசன் யாராக இருந்தால் என்ன, எனக்கு எடைதான் கணக்கு என்று ஒரு தமிழ் நாட்டுச் சந்தை ரோமாபுரிக்குச் சொன்ன பதில் அது.

சேகரிப்பவர்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் இன்றுவரை நடக்கும் சண்டையும் இந்த வெட்டில்தான் இருக்கிறது. வெட்டு விழுந்த காசு முதலீட்டாளருக்கு வெட்டு விழாத காசுக்குச் சமம், எடை ஒன்றே. சேகரிப்பவருக்கு வெட்டு விழுந்தது பழுது. ஆனால் வரலாறு படிக்கிறவருக்கு வெட்டுத்தான் விலைமதிப்பற்றது. இந்தப் புதையலைச் சேர்ந்த சில காசுகள் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முகம் அறுபட்ட நீரோவைப் பார்க்க அங்கே ஆட்கள் வருகிறார்கள்.

எடைக்கு மட்டுமே மதிப்பு என்றால், தரத்தைப் பார்க்கத் தெரிந்தவன் வேண்டும். தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில், குளோங் தோம் என்ற ஊரின் புத்த மடாலய அருங்காட்சியகத்தில் ஒரு சின்னக் கல் இருக்கிறது. கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன்மேல் தமிழ் பிராமியில் அது பெரும்பத்தன் என்பவனின் கல் என்று எழுதியிருக்கிறது. பொற்கொல்லன் ஒருவனுடைய உரைகல். கடல் தாண்டிப் போனவன் தன் பட்டறையில் களவு போகக்கூடிய பொருள் எதுவோ அதில் பெயரை வெட்டிக்கொண்டான். நகையில் அல்ல, கல்லில்.

உரைகல்லின் வேலை இன்றும் மாறவில்லை. கறுப்புக் கல்லில் நகையை ஒரு இழுப்பு. மஞ்சள் கோடு விழும். தரம் தெரிந்த ஆணியால் பக்கத்தில் இன்னொரு கோடு. இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டுவிட்டு, மேலே ஒரு சொட்டு திராவகம். செம்பு கலந்திருந்தால் அந்தப் பங்கு பொங்கிக் கரைந்துபோகும். தங்கம் கல்லிலேயே நிற்கும். அடகுக் கடைக் கல்லாவுக்கு முன்னால் நிற்கிற பெண்ணுக்கு அந்தச் சில விநாடிகள் நீளமானவை. கடைக்காரர் எதுவும் பேசமாட்டார். கோட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பார், பிறகு தராசை இழுப்பார். தராசுக்கு வந்துவிட்டால் நகை தேறிவிட்டது என்று அர்த்தம்.

சோழர் காலத்தில் எடைக்கல்லுக்குக்கூடப் பெயர் வைத்திருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த பொன்னை ஆடவல்லான் என்ற எடைக்கல்லால் நிறுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. கணக்கு கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று இறங்கும். குன்றிமணி வேலியில் படரும் கொடியின் விதை. ஒன்று பத்தில் ஒரு பங்கு கிராமுக்குச் சற்று கூட. அந்த அளவுக்குக் கல்லில் வெட்டிவைத்த கணக்கு நாட்டில் இருந்தது. அந்தப் பொன் இன்று எங்கே? படையெடுப்பில் போயிருக்கும், உருகியிருக்கும், வேறு முகம் பெற்றிருக்கும். கல்வெட்டு இருக்கிறது, பொன் இல்லை. தங்கம் அழியாது என்பது சரி. அழியாமல் இருப்பதும் கிடைப்பதும் வேறு வேறு.

1880ஐ ஒட்டி, தேவாலாவும் பந்தலூரும் சேர்ந்த வயநாட்டுத் தங்கத்தின் மேல் லண்டன் பங்குச் சந்தைக்குப் பைத்தியம் பிடித்தது. பணியரும் குறும்பரும் அரித்து எடுப்பதைப் பார்த்து, அடியில் எவ்வளவு இருக்குமோ என்று முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் கிளம்பின. பங்கு விற்றார்கள், யந்திரம் இறக்கினார்கள், காட்டுக் காய்ச்சலில் ஆட்களைப் பறிகொடுத்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லாம் கவிழ்ந்தது. தங்கத்தில் முதலீடு செய்து தங்கத்தையே பார்க்காமல் ஓட்டாண்டியானவர்களின் பட்டியலில் அவர்களுக்கு நல்ல இடம் உண்டு.

கோலாரில் கதை வேறு. ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் இறங்கி, கிடைக்கும் என்ற இடத்தில் விடாமல் தோண்டியது. தோண்டியவர்களில் பெரும்பான்மை தமிழர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்பக்கத்து வறண்ட மாவட்டங்களிலிருந்தும் போனவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. அடியில் பாறை கொதிக்கும். திடீரென்று வெடித்துச் சிதறி ஆட்களைக் கொல்லும். 2001 பிப்ரவரி 28 அன்று மூடும்வரை எடுத்தது சுமார் 800 டன். எடுத்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய் வருகிறார்கள். ஊரில் மிஞ்சியது சயனைடில் கழுவிக் கொட்டிய மண்மேடுகள். இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: 1965இல் அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சேர்ந்து பிடித்தார்கள். தங்கத்துக்காகத் தோண்டிய குழியின் சிறந்த பயன் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பவுன் என்ற எடையே ஆங்கிலேயர் காலத்து வரவு. பிரிட்டிஷ் சவரன் நாணயம் 7.98 கிராம், 22 காரட். அதை எட்டாக்கி நாம் கணக்குப் போடுகிறோம். முதல் உலகப்போர்க் காலத்தில் தங்கத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் அடித்துக் கொண்டுவர வழியில்லாமல், பம்பாயிலேயே ராயல் மின்ட்டின் கிளையைத் திறந்தார்கள். 1918இல் தொடங்கி மறு ஆண்டே மூடிவிட்ட அந்தப் பட்டறையில் சுமார் 13 லட்சம் சவரன் அடித்தார்கள். குதிரைமேல் இருக்கும் புனித ஜார்ஜுக்குக் கீழே, ஆண்டுக்கு மேலே, ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து பொடியாக இருக்கும். சேகரிப்பவர் பூதக்கண்ணாடியில் தேடுவது அதைத்தான். அந்த எழுத்துள்ள காசை எத்தனை தமிழ்நாட்டுப் பாட்டிகள் காசுமாலைக்காகக் காது வைத்துப் பற்றவைத்தார்களோ, எத்தனை பேரப் பிள்ளைகள் அதை உருக்கிச் சங்கிலி ஆக்கினார்களோ.

பிறகு 1931. செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் பவுண்டைத் தங்கத்திலிருந்து அவிழ்த்துவிட்டது. தங்க விலை ஏறியது; அதே சமயம் உலக மந்தத்தில் நெல்லும் நிலக்கடலையும் பருத்தியும் விலை சரிந்து கிடந்தன. வரி கட்டவும் கடன் அடைக்கவும் குடியானவர்கள் நகையை விற்றார்கள். இந்தியக் கிராமங்களின் காதுகளிலும் கழுத்துகளிலும் கிடந்தது கட்டிகளாகி லண்டனுக்குக் கப்பலேறியது. பிளினி புலம்பிய அதே ஓட்டம், எதிர்த் திசையில்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அரசுக்குத் தங்கத்தின் மேல் ஒரு சந்தேகப் பார்வை. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். மக்கள் வாங்கும் ஆசையை விடவில்லை. ஆனால் ஆசாரிகள் பிழைப்பை இழந்தார்கள், சிலர் உயிரையும். 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1990இல் ரத்து. ரத்தான அடுத்த வருடமே அரசுக்குத் தங்கத்தின் அருமை புரிந்துவிட்டது. 1991இல் அந்நியச் செலாவணி வற்றியபோது 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பிக் கடன் வாங்கினோம். நகையைத் துணியில் முடிந்துகொண்டு அடகுக் கடைக்குப் போன பெண்ணைப் பொருளாதாரம் தெரியாதவள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அவள் செய்ததையே செய்தார்கள்.

அவள் ஏன் போகிறாள் என்பதை மலைமேல் நின்று பார்த்தால் புரியும். வங்கி கடன் கொடுக்கப் பட்டா கேட்கும். தலைமுறையாக உழுத நிலத்துக்கும் பட்டா இருக்கும் என்று மலையில் சொல்ல முடியாது. ஜாமீன் கேட்கும், ஜாமீன் போடச் சம்பளக்காரர் வேண்டும். மிளகு தை, மாசியில்தான் பணமாகும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் ஆனியிலேயே கேட்பார்கள், பிரசவம் மாதம் பார்த்து வராது. தங்கம் ஒன்றுதான் எந்தக் காகிதமும் இல்லாமல், யார் கையொப்பமும் இல்லாமல், போன அரை மணியில் பணமாகும் சொத்து. மலைவாழ் மக்கள் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமோ, கீழே உள்ள வங்கியோ, அடகுக் கடையோ, எதுவானாலும் அதற்குக் கதவு திறக்கும். மிளகு விற்றதும் திருப்பிவிடலாம். விளைச்சல் பொய்த்தால் வட்டி ஏறும், ஏலக் கடிதம் வரும், நகை மூழ்கிப்போகும். மூழ்கிய நகை கட்டியாகி, கட்டி வேறு ஒரு கடையில் வளையலாகி, யாரோ ஒருத்தி அட்சய திருதியைக்குப் புதுசு என்று வாங்கிப் போவாள்.

கொல்லிமலை மலையாளி மக்களிடம் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் கொடுப்பதே பழைய வழக்கம். பெண்ணைப் பெற்றவர் இத்தனை பவுன் போட வேண்டும் என்பது சமவெளியின் கணக்கு. அதுவும் இப்போது பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிறது. தங்கத்தோடு வந்த சரக்குகளில் எனக்குப் பிடிக்காதது இதுதான்.

விலை ஏறுவதைக் கொண்டாடுகிறவர்கள் முதலீட்டாளர்கள். அவர்கள் கணக்கில் தப்பில்லை. 2015 நவம்பரில் அரசு வெளியிட்ட முதல் தங்கப் பத்திரத்தில் கிராம் 2,684 ரூபாய்க்கு வாங்கியவருக்கு, 2023 நவம்பரில் 6,132 ரூபாய் கிடைத்தது. இடையில் ஆண்டுக்கு 2.75 சதவீத வட்டி வேறு. செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை, திருட்டுப் பயம் இல்லை. 2024 பிப்ரவரிக்குப் பிறகு அரசு புதிதாக அந்தப் பத்திரத்தை விடவில்லை. தங்கம் ஏற ஏற அரசுக்குக் கட்டுப்படியாகவில்லை. மலையில் தாலியோடு ஒரு தோடு மட்டும் உள்ளவருக்கு விலை ஏற்றத்தால் என்ன லாபம்? அவர் விற்கப்போவதில்லை. அடகுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே. அவர் மகளுக்கு வாங்க வேண்டிய முதல் பவுன் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு தூரம் போய்க்கொண்டே இருக்கும். ஏற்கெனவே இருப்பவருக்கு வரமாகவும், இனிமேல் வாங்க வேண்டியவருக்குத் தண்டனையாகவும் ஒரே விலை வேலை செய்கிறது. இதைப் பொதுவாக ‘தங்கம் நம்பிக்கை தரும்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுகிறார்கள்.

அடகு வைக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைப்படி, இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். நகையை உங்கள் கண்முன்னால்தான் சோதிக்க வேண்டும். கடனை முழுதும் கட்டிய பிறகு அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும். கடன் கொடுத்தவர் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2026 ஏப்ரலுக்குள் இதற்கு மாற வேண்டும் என்பது உத்தரவு. தெருமுனை அடகுக் கடைக்கு இந்த நெறிமுறை பொருந்தாது. வாங்கும்போது 916 முத்திரையோடு ஆறு எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் கடைகளுக்கு அது கட்டாயம். தங்கத்துக்கு முதன்முதலாக ஒரு விலாசம் கிடைத்திருக்கிறது. அதுவும் அடுத்த உருக்கல்வரைதான்.

2024 இறுதிவரை மனிதர்கள் தோண்டி எடுத்த தங்கம் எல்லாம் சேர்த்து சுமார் 2,16,000 டன் என்று உலகத் தங்கக் கவுன்சில் கணக்கிட்டது. உருக்கி ஒரே கட்டியாக வார்த்தால் பக்கம் 22 மீட்டருள்ள ஒரு கனசதுரம்தான். ஒரு நடுத்தரக் கோயில் வளாகத்துக்குள் அடங்கிவிடும். அதில் பெரும்பகுதி ஏதோ ஒரு வடிவத்தில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரில் பட்டறைத் தெருக்களின் புழுதியையும் சாக்கடை மண்ணையும் வாரி, அரித்து, ஆசாரியின் உடையிலும் காலிலும் ஒட்டிப் போன துகளைப் பிரித்தெடுத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு கவனமாக நாம் தங்கத்தைச் சேமிக்கிறோம். எனவே, எடப்புளி நாட்டுத் தாலி ஒன்றில் கோலார்ச் சுரங்கத்தின் ஒரு துணுக்கும், பம்பாய்ச் சவரனின் ஒரு துணுக்கும், யாருக்குத் தெரியும், டைபீரியஸ் காசின் ஒரு துணுக்கும் கலந்திருக்கலாம். நிரூபிக்க வழியில்லை. மறுக்கவும் வழியில்லை.

எடைக்கு எடை கவனமாக இருக்கிற நாம், வரலாற்றை மட்டும் அலட்சியமாக உருக்கிவிடுகிறோம். வீட்டு அஸ்திவாரத்திலோ உழவிலோ கிணறு வெட்டும்போதோ பழங்காசு கிடைத்தால், பயத்தில் அன்றிரவே பட்டறைக்குப் போய்விடுகிறது. அப்படிச் செய்யாதீர்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணிலிருந்து கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைத் தண்டனை உண்டு. அரசே வைத்துக்கொள்ள விரும்பினால், அதே சட்டம் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. பட்டறையில் உருக்கினால் அந்தக் கூடுதல் கிடைக்காது.